அட்டை எண்ணும் படிப்பு

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. எழுத்து கொஞ்சம்தான் வரும், அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அட்டனில் டிக்கோயா பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயும், கேம்பசில் உயிரியல் படிக்கும் அவள் மகளும் இருந்தார்கள். மகள் சொன்னாள்:

“அம்மா, நாளையிலேர்ந்து மலைக்கு போறப்ப அட்டைக்கு பயந்து காலுக்கு சவுக்காரம் பூசாதீங்க. அட்டை ஏறட்டும்.”

பக்கத்தில் நின்ற தாய்மாமன் சிரித்தார்.

“பெத்தவள அட்டைக்கு குடுக்கவா ஒன்னைய படிக்க அனுப்புனோம்?”

“கடைசி வருஷ ஆய்வு மாமா. எந்த மலையில எத்தன அட்டை ஏறுதுன்னு எண்ணி எழுதிக் குடுக்கணும். குடுத்தாத்தான் பட்டம். என் காலு மட்டும் பத்தாது.”

“வேற ஒன்னும் கெடைக்கலயா? லயத்து வீடுகள்ல எல்லாரும் சிரிப்பாங்க. பட்டமும் வேணாம், ஒன்னும் வேணாம். பேசாம ஒரு வேலைக்கு போ.”

அதுவரை ஜன்னலைப் பார்த்திருந்த தாய் திரும்பினாள்.

“சிரிக்கட்டும் அண்ணே. முப்பது வருஷமா இந்த மலையில அட்டைக்கு ரத்தம் குடுக்குறேன். கொழுந்த தராசுல போட்டு நிறுத்தாங்க. அட்டைய ஒருத்தரும் எண்ணல. என் மக எண்ணட்டும்.”

பிறகு மகளிடம் சொன்னாள்:

“சவுக்காரம் பூசல. ரெண்டு காலும் ஒனக்குத்தான்.”

நான் குனிந்து என் காலில் அட்டை கடித்த பழைய தழும்புகளைப் பார்த்துக்கொண்டேன்.

பேத்தி, இதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. அந்தத் தாய் பேசும் இடத்தைச் சத்தமாக வாசி.