இரண்டே கால் மணி லாரி

விசாரணைக்கு நீங்கள் கேட்ட கோப்புகள் நீல அலமாரியில் தேதிவாரியாக இருக்கின்றன. தேடிச் சிரமப்பட வேண்டாம். பதினெட்டு வருடங்களாக சான் வெனான்சியோ நகராட்சியின் சமூகநல அதிகாரி நான். எந்தப் புயலானாலும் மாகாண அலுவலகத்துக்கு முதலில் போய்ச் சேருவது எங்கள் அறிக்கைதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இது தேவைப்படும்.

புயலன்று காலை பதினொன்றரைக்கே அறிக்கையை அனுப்பிவிட்டேன். கடலோரக் குடும்பங்கள் விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டன. முகத்துவாரத்து அரசு இல்லத்தில் இருந்த இருபத்தேழு பேரும் மேட்டிலுள்ள தேவாலயப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள் என்று எழுதினேன். அந்த இருபத்தேழு பேரும் மனவளர்ச்சி குன்றியவர்கள். முந்தைய புயலில் அவர்களை அரங்கத்தில் தங்கவைத்தபோது, கத்துகிறார்கள், நாறுகிறார்கள் என்று ஊரே புகார் சொன்னது. அதனால்தான் பள்ளி. எழுதும்போது அவர்கள் இன்னும் இல்லத்தில்தான் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு லாரி அனுப்புவதாக இருந்தேன். அரை மணி முன்னதாக எழுதுவதை எந்த அலுவலகமும் பொய் என்று சொல்லாது.

இருப்பது ஒரே லாரி. மீனவர் குடியிருப்பில் ஜனங்கள் பன்றியையும் டிவியையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நேரம் போய்விட்டது.

ஒரு மணிக்கு இல்லத்துப் பராமரிப்பாளர் அமாலியா போன் செய்தாள். எல்லோருக்கும் கழுத்தில் பெயர் அட்டை மாட்டி வாசலில் உட்காரவைத்திருக்கிறாளாம். ரோசிங் மட்டும் முன் சீட்டு தனக்குத்தான் என்று அடம்பிடிக்கிறாளாம். ரோசிங்கை எனக்குத் தெரியும். நாற்பது வயதுக்காரி. நான் போகும்போதெல்லாம் என் சட்டைப் பொத்தான்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். லாரி வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

இரண்டே காலுக்கு லாரி அரங்கத்து வாசலில் காலியாக வந்து நின்றது. டிரைவர் இசித்ரோ இறங்காமலே கேட்டான்.

"சார், இல்லத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேன். பாலத்துல இன்னும் தண்ணி ஏறல. இப்ப விட்டா அப்புறம் முடியாது."

மாகாண இயக்குநர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கையில் என் அறிக்கை. இயலாதவர்களை முதலில் காப்பாற்றிய ஊர் இது என்று வானொலிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லத்திலிருந்து பள்ளிக்குப் போகும் ஒரே சாலை அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. அங்கே வேலை முடிந்துவிட்டது என்று இசித்ரோவிடம் சொன்னேன்.

"முடிஞ்சுதா? வண்டி என்கிட்டத்தானே இருக்கு. யாரு சார் கூட்டிட்டுப் போனது?"

மாகாணத்து வண்டி என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார் என்று அனுப்பினேன். அவன்மேல் தவறில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு அமாலியா மறுபடி கூப்பிட்டாள். குரல் பதறவில்லை.

"சார், வண்டி வரலன்னாலும் பரவால்ல. நானே நடத்திக் கூட்டிட்டு வந்துடறேன். ஒரு கயித்தப் புடிச்சுக்கிட்டு வரிசையா வருவாங்க, பழக்கி வெச்சிருக்கேன். பாலம் வரைக்கும் முழங்கால் தண்ணிதான்."

அவளால் முடிந்திருக்கும். அப்படிப்பட்டவள். முக்கால் மணி நேரத்தில் இருபத்தேழு பேரும் கயிற்றைப் பிடித்தபடி அரங்கத்து வாசலைக் கடந்திருப்பார்கள், இயக்குநரின் கண்ணெதிரே.

லாரி பாலத்தைத் தாண்டிவிட்டது என்றேன். வழியில் யாராவது சிதறிப்போனால் ஆபத்து, எல்லோரையும் உள்ளே அழைத்துக்கொண்டு கேட்டைப் பூட்டிவை என்றேன். லாரிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"சரி சார்," என்றாள். "நீங்க சொன்னா சரிதான்."

கடல் நாலரைக்கு உள்ளே வந்தது.

அறிக்கையைத் திருத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஒரு வரியைத் திருத்தினால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். அந்த அறிக்கையை நம்பித்தான் மறுநாள் அரிசி வந்தது. நாலாயிரம் பேர் சாப்பிட்டார்கள்.

இருபத்தேழு பேரையும் தெரிந்தேதான் அங்கே விட்டேன். மறைக்கவில்லை. ஆனால் அமாலியாவின் சாவை என் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊழியர்கள் இரண்டு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. அவள் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். விதியை மீறித் தங்கியவள் அவள்தான். இருந்தாலும், அவளுடைய பணிப்பதிவேட்டில் அதைக் குற்றமாகக் குறிக்க வேண்டாம் என்று நானே பரிந்துரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம்மை நம்பி வேலை செய்தவர்களுக்கு அந்த இரக்கத்தைக்கூடக் காட்டாவிட்டால் எப்படி?