பக்கத்து இருக்கை

தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் படகு பறக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பறக்காது. படகின் அடிப்பாகம் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். லேசாகச் சிற்றலை இருக்க வேண்டும். அன்று காலை ஓசார்க் ஏரியில் அப்படித்தான் இருந்தது. மிசூரியில் ஆகஸ்ட் மாதத்தில் அப்படியொரு காலை அமைவது அபூர்வம்.

என் பெயர் டெல்பர்ட் க்ரீஸன். வேகப் படகுகளுக்கு டிரைவ் உயரம் வைத்து, பொருத்தமான ப்ரொப்பெல்லரை மாட்டித் தருவது என் தொழில். விசாரணைக்கு வந்த நீங்கள் உடைந்த படகை அளந்து பார்த்துவிட்டீர்கள். இனி மழுப்புவதில் அர்த்தமில்லை. உங்களுக்குப் படகு வேலை தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கால் போன்ற பாகத்தைத்தான் டிரைவ் என்கிறோம். அதில்தான் ப்ரொப்பெல்லர் சுற்றுகிறது. டிரைவைத் தூக்கினால் இழுவை குறைந்து வேகம் கூடும். கூடவே பிடிமானம் போகும். அளவுக்கு மீறித் தூக்கினால், ஒரு வேகத்துக்கு மேல் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பின்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கிற ப்ரொப்பெல்லர் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உயரத்தையும் ப்ரொப்பெல்லரையும் ஒரே சமயத்தில் மாற்ற மாட்டோம். ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் மற்றதைத் தொடுவோம். அந்த முதல் ஓட்டத்தில், வேலை செய்தவன் ஓட்டுபவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும். தன் வேலையை அவனே நம்புகிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கோல்பி நல்ல பையன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மகள் ரேனாவைக் கட்டிக்கொள்ள இருந்தவன். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் ஃப்ளோரிடாவுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே ஒரு படகுப் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பொரித்த மீனை என் தட்டில் வைத்துக்கொண்டே ரேனா இதைச் சொன்னாள்.

“தினமும் ஃபோன்ல பேசலாம்ப்பா. கிறிஸ்துமஸுக்கு ஓடி வந்துட மாட்டேனா?”

சரி என்றேன். சத்தம் எதுவும் போடவில்லை. அவள் அம்மா போன பிறகு அந்த மேஜையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் போனால் எதிர் நாற்காலி காலி. தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் கோல்பி பட்டறைக்கு வந்தான். ஏரிப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“பெரியவரே, ஒரு அரை அங்குலம் தூக்கிக் குடுங்க போதும். போன வருஷம் தோத்ததை இன்னும் சொல்லிக் காட்டுறானுங்க.”

நான் ஒன்றரை அங்குலம் தூக்கினேன். ஐந்து இறக்கை ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தைப் பிடிக்காத நாலு இறக்கை ஒன்றை மாட்டினேன். அது மட்டும் அவன் கண்ணில் பட்டது.

“என்ன, இதையும் மாத்திட்டீங்க?”

“உனக்கு இதுதான் சரியா வரும். ஆடுச்சுன்னா வேக லீவர்லேர்ந்து கையெடுக்காத. அழுத்திப் புடி, தானா நேராயிடும்.”

நேராகாது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் எங்கள் ஏரியில் ஆட்டத்துக்குப் பயந்து வேகத்தைக் குறைத்தவனைக் கோடை முழுக்கக் கிண்டலடிப்பார்கள். கையெடுத்தவன் என்றே பெயர் நிலைத்துவிடும். அந்தப் பெயருக்குச் சாவதே மேல் என்று நினைக்கிற ஆள் கோல்பி. அது எனக்குத் தெரியும்.

அவன் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். கைகால் உடைந்தால் போதும், பயணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். செத்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் டிரைவை ஒரே உயரத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது.

அன்று காலை படகுத்துறையில், இடுப்புப் பிடித்துக்கொண்டது, நான் வரவில்லை என்றேன். கோல்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பயம்னா சொல்லிடுங்க பெரியவரே. ஊர்ல யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு நாலு பேருக்கு மட்டும் சொல்றேன்.”

“சும்மா இருக்க மாட்டியா நீ?” என்று ரேனா காபிக் கோப்பையைப் பலகைமேல் வைத்தாள். “அப்பாவுக்குப் பதிலா நான் உக்காந்துக்கறேன். ஸ்பீடு கேஜ் பாக்க எனக்குத் தெரியாதா என்ன? நீதானேப்பா கத்துக்குடுத்த.”

மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

துறையிலிருந்து எல்லை மிதவைகள் வரை படகை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். நேரம் நிறையவே இருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்தினால் நிறுத்து என்று அர்த்தம். சின்ன வயதிலேயே அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். டிரைவை அளந்து பார்ப்பாள். அளந்தால் புரிந்துவிடும். புரிந்தால் அன்றைக்கே என்னை விட்டுப் போய்விடுவாள். மிதவைகளுக்குப் பக்கத்தில் அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். படகு ஆடியபோது கோல்பி நான் சொன்னபடியே அழுத்திப் பிடித்திருக்கிறான். கையெடு கையெடு என்று ரேனா அலறியிருக்கிறாள். எடுத்துவிட்டான், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. வேகம் சட்டென்று விழுந்ததும் பின்பக்கம் அமிழ்ந்து, ப்ரொப்பெல்லர் தண்ணீரைக் கவ்வியது. படகு பக்கவாட்டில் சுழன்று கவிழ்ந்தது. அவன் தூரப் போய் விழுந்தான். அவள் படகுக்கு அடியில் இருந்தாள்.

ஃப்ளோரிடா வேலைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். கோல்பி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். பெரியவர் படித்துப் படித்துச் சொன்னார், நான்தான் கேட்காமல் கையெடுத்துவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். ஊரும் அப்படியே நம்புகிறது. சாயங்காலமானால் என் வீட்டுக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். நான் மீன் பொரித்து வைக்கிறேன். அவன் பாதிக்கு மேல் சாப்பிடுவதில்லை. எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்குகிறது.

உயரத்தைக் கூட்டியது நான். ப்ரொப்பெல்லரை மாற்றியது நான். தப்பாகச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது அவன். நேற்றுகூட அதைச் சொல்லித்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழாதடா, முதல்ல சாப்புடு என்றேன். நான் அவனை மன்னித்துவிட்டேன்.