மஞ்சள் பெயிண்ட் வைத்த நட்டுகள்

சூலூரிலிருந்து கோவைக்கு வந்த பேருந்தில், எனக்கு முன் சீட்டிலிருந்த கார் பட்டறைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“நாலு சக்கரத்து நட்டுலயும் மஞ்சப் பெயிண்ட் இருக்குதுங்க. புது மெக்கானிக்கு முடுக்குனாரான்னுதான் தெரியலைங்க.”

“முடுக்குன நட்டுக்குத்தானுங்களே பெயிண்ட் வெப்பீங்க?”

“அது பழைய ஆளுகளுக்குத் தெரியும். நான் பழக்கி உட்டவங்க எல்லாரும் ஷோரூம் வேலைக்குப் போயிட்டாங்க. புதுசா வந்தவரு மொதல்லயே எல்லாத்துக்கும் பெயிண்ட் வெச்சுப்போட்டு, அப்பறமா முடுக்கறாருங்க. மத்தியானந்தான் கண்ணுல பட்டுச்சு.”

“ஏனுங்க, பாதியில எந்திரிச்சுப் போயிருந்தாருன்னா?”

“அதுதானுங்க பயம். காலைல அவரு பாத்த வண்டி, குடும்பத்தோட வால்பாறைக்குக் கெளம்பிப் போயிருச்சு.”

பட்டறைக்காரர் மறுபடியும் அந்த வண்டிக்காரருக்குப் போன் போட்டுக் காதில் வைத்தார்.

“எடுக்கறாங்களா?”

“லைனே போகலைங்க. மலை ஏறிட்டாங்களாட்ட இருக்குதுங்க.”