இருபத்தாறாவது பேர்

ஹலோ...

நான்தான். மாமா பேசறேன்.

ஆமா, உங்க அக்கா போன்தான். சார்ஜ்ல கிடந்துச்சு. அடிச்சுது, எடுத்தேன்... ஆமா... ஆமாடா, அவ கண்ணை மூடி அஞ்சு மாசமாச்சு. போனை மட்டும் அணைக்கல... எதுக்குன்னு தெரியல.

பரவால்ல. பழக்கதோஷம்தானே. டீம் லிஸ்ட் படிக்கிறதுக்கு முந்தின நாள் அவளுக்குத்தானே அடிப்பே... யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சு அடிச்சியா? சரி. அப்போ வெச்சிடட்டுமா?

சரி, சொல்லு.

பார்த்துட்டியா... கேம்ப்புக்குப் பேப்பர் வருதா?... ஆமா, நான் எழுதினதுதான். இந்த சீசன் கால்பந்து டீம்ல யார் யார் இருப்பாங்கன்னு என் கணிப்பு... ஆமா. உன் பேர் இல்ல.

இரு, இரு. என்ன சத்தம் அது? ஜிப் இழுக்கற சத்தமா?... பை கட்டறியா?

மச்சான், நாளைக்குக் காலையில பத்து மணிக்குத்தான் கோச் லிஸ்ட் படிக்கிறாரு. அதுக்கு முன்னாடி கேம்ப் கேட்டைத் தாண்டினா நீயா விலகிட்டேன்னு அர்த்தம். கையெழுத்துப் போட்டுத்தானே உள்ளே போனே?... நான் எழுதினா நடந்த மாதிரிதானா? யாரு சொன்னது?... ஆறு வருஷமா தப்பினதில்ல, ஆமா. ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கு.

அதுக்கில்லடா. பேப்பர் கையில இருக்கா? எண்ணு... அட, எண்ணு. கோல்கீப்பர்லேர்ந்து ஆரம்பி.

எத்தனை?... மறுபடி எண்ண வேண்டாம். இருபத்தஞ்சுதான். டீமுக்கு இருபத்தாறு பேர்.

தப்புதான்... காலையில பேப்பர் பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது... பதறல. பார்த்தேன். டீ போட்டேன்.

எப்படின்னா... இருபத்தஞ்சு பேரை நான் போடுவேன். ஆடின நிமிஷம், ஓடின தூரம், காயம், எல்லாம் பார்த்து. கடைசிப் பேரை உங்க அக்கா போடுவா. எப்பவும் அப்படித்தான். இந்தத் தடவையும் இருபத்தஞ்சு எழுதினேன். கீழே ஒரு வரி இடம் விட்டு, தாளை அடுத்த ரூம் மேஜை மேல வெச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

...இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

இல்ல, எடிட்டர் கவனிச்சாராம். ஒண்ணு குறையுதேன்னு. என்கிட்ட கேட்கச் சங்கடமா இருந்துச்சாம். அப்படியே அச்சுக்கு விட்டுட்டாரு... எல்லாருமே அப்படித்தான். என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி எடுத்து எடுத்து வெக்கறாங்க. போன வாரம் ஜெயிச்ச டீமைத் தோத்த டீம்னு எழுதினேன். பரவால்ல சார், நாங்க பார்த்துக்கறோம்னாங்க. ஒருத்தர் கூடத் திட்டல.

அதை விடு. கடைசி இடம் உனக்கும் நெட்டையனுக்கும்தான். இடது பக்கம் தடுக்க டீமுக்கு இன்னொரு லெஃப்ட் பேக் வேணும், ரெண்டு பேர்ல ஒருத்தர். என் கணக்குல ரெண்டு பேரும் சரிசமம். உங்க அக்கா எப்படிப் பார்ப்பா தெரியுமா?... உன்கிட்ட சொன்னதே இல்லையா?

கடைசி ப்ராக்டீஸுக்கு வந்து கேலரியில உட்காருவா. பந்தைப் பார்க்க மாட்டா. கோச் வாயைப் பார்ப்பா. யாரைத் திட்டறாரோ அவன் உள்ளே. யார்கிட்ட இதமாப் பேசறாரோ அவன் வெளியே. அவ்வளவுதான் அவ சாஸ்திரம். நான் சிரிப்பேன். ஆறு வருஷமும் சரியா வந்துச்சு.

அதனாலதான் மூணு வருஷமா உன் பேரைப் போடல. உன்னைத் தங்கம், தங்கம்னு கொஞ்சினாரே மனுஷன்.

சொல்லு, இன்னைக்கு உன்கிட்ட என்ன சொன்னாரு?... யோசிச்சுச் சொல்லு... எருமையா?... எருமைக்குக் கூட இடது பக்கம் தெரியும்னாரா... ம்... அப்புறம்?... பந்தை எடுத்து உன் மேலயே எறிஞ்சாரா? பட்டுச்சா?... நல்லது. எத்தனை தடவை திட்டியிருப்பாரு?... எண்ண முடியலையா. ரொம்ப நல்லது.

நெட்டையன்கிட்ட?... ஒண்ணுமே இல்லையா? நல்லா ஞாபகப்படுத்திப் பாரு... ம்... தோள்ல கை போட்டு?... வீட்டுக்குப் போனா அம்மாவைக் கேட்டதாச் சொல்லுன்னாரா.

...

பையைப் பிரி, மச்சான்.

நிச்சயமான்னு கேட்காதே. எனக்கு அது தெரியாது. அவ முறைப்படி பார்த்தா நீதான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அழறியா?... சரி. அழு.

என்ன?... சாப்பிட்டேன்... காலையில... இல்ல, அந்த டீதான்... நேத்தா? நேத்து ஞாபகமில்ல... வீடு அப்படியேதான் கிடக்கு. அவ செருப்பு கூட வாசல்லதான் இருக்கு... எடுத்து வெக்கணும்னு தோணல.

என்னது?... ஆமா... ஆமா, பொறுப்பில்லாதவன்தான்... முட்டாள்தான்... ஒரு பேர் எழுதத் துப்பில்ல, ஆமா. என்னால நீ கேட்டைத் தாண்டப் பார்த்தே, ஆமா... அக்கா இருந்தா செருப்பாலயே... ம். அடிப்பா.

கொஞ்சம் சத்தமாச் சொல்லுடா. சரியாக் கேட்கல.

...

யாரு, மேனேஜரா? ராத்திரிக்குப் போனை வாங்கி வெக்க வந்துட்டாரா? மணி ஆறாயிடுச்சா அதுக்குள்ள... ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லு அவரை.

இல்ல, எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நீ விட்ட இடத்துலேர்ந்து திட்டு.

...ம்.

...ம், அப்புறம்?

ஹலோ... மச்சான்?

ஹலோ...