கழுத்தளவுத் தண்ணீர்

சுருதி சேர்க்காமல் கிதார் வாசிக்க எனக்கு வராது சார். அது பெருங்குறை என்பது இருபத்து நான்காவது வயதில்தான் தெரியவந்தது.

திருநெல்வேலியின் முதல் பங்க் ராக் இசைக்குழு எங்களுடையது. பெயர் ‘கெட்ட சகவாசம்’. நான் கிதார், ப்ரீதா டிரம்ஸ், மதி என்கிற காந்திமதிநாதன் பாட்டு. பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மாஞ்சோலை மலையிலிருந்து தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களை இறக்கிவிட்ட வருஷம் மதியும் இறங்கி வந்தான். அந்தக் கோபத்தை மூன்று நிமிஷம் கத்துவான். முதல் நிகழ்ச்சிக்கு நாற்பது பேர் வந்தார்கள், பன்னிரண்டு பேர் ப்ரீதாவின் சொந்தக்காரர்கள். எல்லோரும் அவனுக்குத்தான் கைதட்டினார்கள். குழுவை ஆரம்பித்தது நான், ஆம்ப்ளிஃபயர் என்னுடையது, ஒத்திகை எங்கள் வீட்டு மாடியில். பரவாயில்லை, கலைக்காகச் செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது.

நான் கம்பியை முறுக்கும்போதெல்லாம் மதி சிரிப்பான். “ஏலே ஸ்ரீராகவ், போதும்லே. கச்சேரிக்கா போறோம்?”

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு இசை விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ப்ரீதாதான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “நீ ரொம்பச் சுத்தமா வாசிக்கியாம். கிதாருக்கு வேற ஆள் பாக்கச் சொல்லுதாங்க.”

மதி என் தோளில் கை போட்டான். “வருத்தப்படாதலே. ஆம்ப்ளிஃபயர மட்டும் தா, பத்திரமாக் கொண்டாந்துருதேன்.” நிஜமான பிரியத்தோடு சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையில் ஆற்றில் கழுத்தளவு நின்று சாதகம் செய்தால் குரல் திறக்கும், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பாடக் கற்றார்கள் என்றேன். மலையில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. நம்பி வந்தான். இடுப்பளவில் நின்று, படியில் இருந்த என்னைப் பார்த்துப் பாட்டைக் கத்தினான். இன்னும் பின்னால் போ என்றேன்.

“ஆழமா இருக்குமோலே?”

“பைய போ. நான் இருக்கேன்லா.”

அங்கே கசம் இருப்பது எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆளை முழுங்கும் பள்ளம். நாலு எட்டு பின்னால் வைத்தான். இரண்டு தடவை மேலே வந்தான், இரண்டு தடவையும் என் பெயரைத்தான் சொன்னான். எனக்கு நன்றாக நீந்த வரும். படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ப்ரீதா என்னோடு இன்னும் பேசவில்லை. பேசுவாள். பெங்களூருக்கு நானே போன் செய்து, பாடத்தான் ஆள் இல்லை, கிதார் தயார் என்று சொல்லிவிட்டேன். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். குழு உடைந்துவிடக் கூடாதே என்றுதான் செய்தேன்.