காதோரப் பாட்டு

எனக்கு நல்ல குரல். எங்கள் ருமேனியாவின் மரமுரேஷ் மலையூர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கோயில் மணியடிக்க ஒரு ஆள் ஓடும், என்னைக் கூப்பிட இன்னொரு ஆள் வரும். ஒப்பாரி என்றால் சும்மா அழுவது இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா. செத்தவர் விட்டுப்போகிற ஒவ்வொன்றையும் அவரிடமே சொல்லிப் பாட வேண்டும். அப்போதுதான் திரும்பிப் பார்க்காமல் போவார்.

என் புருஷன் கவ்ரிலா காய்ந்த புல்லைப் போர் போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

இதயம் மறுபடி ஓடியது, கண்தான் திறக்கவில்லை. டாக்டர் கோர்னேலியா சின்னப் பெண், பொறுமைசாலி. பயந்தாலோ பதறினாலோ உடம்பில் ஒரு சுரப்பு ஊறுமாம், கார்ட்டிசால் என்று பேர். தினமும் ரத்தம் எடுத்து அதைப் பார்த்தார்கள்.

"மொதல்ல அது ஏறுறது நல்லதுதாம்மா, ஒடம்பு போராடுதுன்னு அர்த்தம். அப்புறம் எறங்கணும். எறங்காம நின்னா மூளை தேறுறது கஷ்டம். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. அவருக்குக் காது கேக்கலாம், பக்கத்துல உக்காந்து நல்லதாப் பேசுங்க."

எங்களுக்குள் நல்லதாகப் பேச என்ன இருக்கிறது என்று வெகுநேரம் யோசித்தேன்.

எங்களுக்கு ஒரே மகள், நஸ்தாசியா. இத்தாலிக்குப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதித்தாள். எங்கள் வீட்டு மாடி அவள் உழைப்பில் எழும்பியது. அங்கே ஒருவனோடு கல்யாணம் பண்ணாமல் குடித்தனம் நடத்துகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து இவர் அவள் பேச்சையே எடுக்கவில்லை. அவள் காய்ச்சலில் செத்து, பெட்டியில் வந்து சேர்ந்தாள். ஊரே கூடி என் வாயைப் பார்த்து நின்றது. இவர் என் காதோரம் குனிந்தார். "அவளுக்காக வாயத் தொறந்தே, நீயும் அவ பின்னாடியே போயிடு" என்றார். நான் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடியவள் பெற்ற பிள்ளைக்குப் பாடவில்லை. அந்தப் பாட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது, அதோடுதான் இத்தனை வருஷம் சோறு விழுங்கினேன்.

ஆகவே அவர் காதோரம் குனிந்து பாடினேன். மெதுவாகத்தான். உன் குழியை வெட்டிவிட்டார்கள் கவ்ரிலா, உன் குதிரையை விற்றாயிற்று, உன் கம்பளிக் கோட்டைத் தானம் கொடுத்தாயிற்று, உன் மேஜையில் ஊரார் சாவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், உன் கதவை உள்ளே தாழ் போட்டாயிற்று. ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து நர்ஸுகள் எனக்கு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள்.

நான் வராத நாட்களில் இறங்குகிற சுரப்பு, நான் வந்துபோன பிறகு ஏறிவிடுகிறது என்று டாக்டர் குழம்பினார். "உங்கள ரொம்பத் தேடுறாரு போல" என்றார். இருக்கும் என்றேன்.

ஒரு நாள் அவர் விரல் என் விரலை அழுத்தியது. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, விழித்துக்கொள்வார் என்றார். அவருக்குக் காது கேட்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமானது. அன்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, விட்டுவிட்டுப் பாடாமல், முழுசாகப் பாடினேன்.

ஓவானா என்ற புது நர்ஸ் எங்கள் பக்கத்துப் பெண். திரைக்குப் பின்னால் அசையாமல் நின்று கேட்டிருக்கிறாள். "இது ஜெபம் இல்லம்மா. எங்கப்பாவ இதப் பாடித்தான் பொதைச்சோம். இவரு உசுரோட இருக்காரு" என்றாள். எனக்குத் தெரியும் என்றேன்.

இப்போது கண் திறந்திருக்கிறார். யாரையும் அடையாளம் தெரியவில்லை. என் குரல் கேட்டால் மட்டும் உடம்பு நடுங்குகிறது. மூளை இனித் தேறாது என்கிறார்கள். என் பாட்டினால்தானா என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள், டாக்டரே உறுதியில்லை என்று சொன்னவர்தானே. ஆனால் தேறக்கூடாது என்று நினைத்துத்தான் பாடினாயா என்று கேட்டீர்கள். ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள். அது என் மகளுக்குச் சேர வேண்டிய ஒப்பாரி, அவளுக்காகத்தான் பாடினேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்படியானால் நஸ்தாசியாவின் பெயர் பாட்டில் எங்கே வந்தது என்கிறீர்கள். ஓவானா சொல்லியிருப்பாள். இருங்கள் ஐயா, மனசுக்குள் ஒரு தடவை பாடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். குழி, குதிரை, கோட்டு, மேஜை, கதவு.

இல்லை. அவள் பெயர் எங்கேயும் வரவில்லை.