மாதாவுக்குக் கொண்டுபோன சணல் கட்டு

எனது பெயர் சூசைதாசன் பேர்பெச்சுவா. வயது 59. பிறந்த இடம் மன்னார் மாவட்டம், முருங்கன். 1991ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியில் வசிக்கிறேன். தற்போது கொலோன் நகருக்கு வடக்கே உள்ள ஹைடன்ரோட் என்னும் சிற்றூரில், ஆலை வீதி 4ஆம் இலக்க வீட்டில் இருக்கிறேன். சமயம் கத்தோலிக்கம். விதவை. இந்தச் சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. கடைக்குப் போய்வர மட்டும் போதுமான ஜேர்மன் மொழிதான் எனக்குத் தெரியும் என்பதால், நிரஞ்சனா என்னும் இந்தியத் தமிழ்ப் பெண் என் அருகில் இருந்து மொழிபெயர்க்கிறார். பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று பொலிஸ் அதிகாரி சொன்னார். பேசாமல் இருப்பதற்கு நான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கத் தேவையில்லை என்று பதில் சொன்னேன்.

என் கணவர் சூசைதாசன் இந்த ஊர் நகரசபையின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்தவர். முதலில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் போட்டார். அதன் பின்னர் அவருக்கு இருதயத்தில் வருத்தம் வந்து, குனிந்து களை பிடுங்கக் கூடாது என்று வைத்தியர் தடுத்துவிட்டார். சணல் போட்டால் களை பிடுங்கத் தேவையில்லை, அது தானே உயர்ந்து களையை மூடிவிடும் என்று கேள்விப்பட்டு, இந்த வருடம் முழு நிலத்துக்கும் சணல் விதைத்தார். இது கஞ்சாவின் இனம்தான், ஆனால் வெறி தராத சாதி. வீட்டுச் சுவருக்குள் குளிர் வராமல் அடைக்கிற பஞ்சை இதன் நாரில் இருந்து செய்கிறார்கள்.

நகரசபையில் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. நிலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் பாதையோரம் இருக்கிறது. அதனால் இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்று, கடும் நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். நாலு பக்கமும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அரசாங்கத்தின் பரிசோதகர் வந்து பார்த்து அனுமதி தரும்வரை தோட்டத்தை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது. தோட்டத்துக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி, சொல்லிவிட்டேன் என்று கணவர் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். பிழை நடந்தால் நிற்கிற பயிரை உழுது, குத்தகையையும் முடித்துவிடுவார்கள். அவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அவர்கள் கேட்டதை விடக் கூடுதலாகப் பலகை வைத்தார். சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்க்கிற பெடியன்களை மறித்து, இதைச் சுருட்டிப் பத்தினால் தலையிடிதான் வரும் என்று தன்னுடைய உடைந்த ஜேர்மன் மொழியில் பிரசங்கம் வைப்பார். அவர்கள் சிரிப்பார்கள், இவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஜூலை 18ஆம் திகதி, சணல் பூக்கத் தொடங்கிய கிழமையில், அவர் மாரடைப்பால் இறந்தார். அதன் பின்னர் நகரசபை அலுவலர் திரு. புரோக்மன் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அடக்கத்துக்கு வந்தார். நிபந்தனைகள் என்னவென்று அங்கே விரிக்காமல், அதே ஒழுங்கின்படி பயிரை என் பெயரில் அறுக்கலாம், குத்தகையையும் நான் தொடரலாம் என்று சொன்னார். என் மகள் பிறின்சி அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயிரைத் தவிர என் மனுசன் கையால் செய்தது என்று இந்த நாட்டில் எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொலோனில் எங்கள் தமிழ் ஆட்கள் மாதாவின் விண்ணேற்புத் திருநாளையும் அன்றுதான் கொண்டாடினார்கள். அன்று காலை பிறின்சி சாப்பாட்டு ஒழுங்குகளுக்காக முன்னதாகவே போய்விட்டாள். நான் அரிவாளோடு தோட்டத்துக்குப் போனேன். சணல் என்னை விட உயரமாக நின்றது. இழவு வீடு என்று ஒரு மாதமாக என்னைச் சுற்றி ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பயிருக்குள் போன பிறகுதான் யாரும் பார்க்காமல் சத்தம் போட்டு அழுதேன். அதன் பின்னர் ஒரு கை கொள்கிற அளவு தண்டுகளை அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே நடந்தது விற்பனையா என்று அதிகாரி கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். முதல் விளைச்சலை மாதாவின் காலடியில் வைப்போம். பூசை முடிந்த பின்னர் மண்டபத்தில் அதை ஏலம் போடுவோம். காசு கோயிலுக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, திருப்பிக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும், அல்லது எல்லோருக்கும் பங்கிடப்படும். போன வருடம் ஒரு தேங்காய் அப்படியே மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி விலைபோனது. அதில் சம்பல் அரைத்திருந்தால் உலகத்திலேயே விலை கூடிய சம்பல் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதிகாரி இதை எழுதிக்கொண்டு, அப்படியென்றால் விற்பனைதான் என்றார். நான் வாதாடவில்லை.

ஏலம் சொன்னவர் பென்ஜமின். "இது சூசையண்ணையின்ரை தோட்டத்து விளைச்சல்" என்று அவர் சொன்னதும் ஆளுக்கு ஆள் விலையை ஏற்றினார்கள். என் கணவரோடு முன்பு ஒரே இடத்தில் வேலை செய்த கொட்வின் எழுந்து, "அண்ணையின்ரை கைபட்டது. நான்தான் எடுப்பன்" என்று சொல்லி எடுத்தார். எடுத்துவிட்டு, எல்லோரும் ஒவ்வொன்று கொண்டுபோங்கோ என்று துணியை அவிழ்த்துப் பங்கிட்டார். அது என்ன செடி என்று யாருக்கும் தெரியாது. பூசை வைத்த சுவாமிக்கும் தெரியாது. பிறின்சி அப்போது சாப்பாட்டு வேலையாக உள்ளே நின்றாள். மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

அன்று பின்னேரம் நிலக்ஷன் என்னும் மாணவன் தண்டைப் பையில் செருகிக்கொண்டு ட்ராமில் போகும்போது பொலிஸார் கஞ்சா என்று மறித்தார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். அதன் பின்னர் பொலிஸார் வீடு வீடாகப் போய்த் தண்டுகளைச் சேர்த்தார்கள். பிளோறன்ஸ் அக்கா தன்னுடையதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம். வந்த பொலிஸ் பெண்ணிடம், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து எடு பிள்ளை என்றாராம். அந்தப் பிள்ளையும் கழற்றிவிட்டு வந்து எடுத்ததாம். வாங்கியவர்களில் யாருக்கும் இதில் குற்றம் இல்லை. அவர்கள் வாங்கியது என் கணவரின் நினைவை.

தண்டுகளைச் சோதித்ததில் வெறி தரும் அளவு ஒன்றும் இல்லை என்று அதிகாரி எனக்கு அறிவித்தார். ஆனாலும் அனுமதிக்கு முன்னர் வெளியாட்களுக்குக் கொடுத்தது பிழை. அதன் பின்னர் திரு. புரோக்மன் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நிபந்தனையை என் கணவர் எனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், சபை இதை அறியாமல் நடந்த பிழையாக எடுத்து, எச்சரிக்கையோடு விட்டுவிடும், பயிரை அறுக்கலாம் என்றார். தெரிந்தே செய்திருந்தால் வருகிற கிழமை உழவு இயந்திரம் வரும் என்றார். பொலிஸில் நான் சொல்வதைத்தான் சபையும் எடுத்துக்கொள்ளும் என்றார்.

அவர் போனதும் பிறின்சி குசினியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, அப்பா ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே. அவரை இனி ஆரும் ஒண்டும் செய்ய ஏலாது."

"அப்ப அவர் வைச்ச கையெழுத்து?"

"அவர் செத்துப்போனார் அம்மா. அந்தப் பயிரெண்டாலும் மிஞ்சட்டும்."

பிள்ளை பேசியது ஆசையில், கள்ளத்தில் அல்ல. எனக்கும் அந்த ஆசை வந்தது. அதை மறைக்கவில்லை. அதன் பின்னர் வந்த நாட்களில் தோட்டத்துப் பக்கம் போகாமல் இருந்தேன். போனால் பிறின்சி சொன்னபடி சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கடைசியாக அதிகாரி கேட்டார், நிபந்தனையை உங்கள் கணவர் உங்களுக்குச் சொன்னாரா என்று. சொன்னார். மே மாதத்தில் ஒருநாள் நான் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, என்னை வரம்பில் நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"பேர்பெச்சுவா, வடிவாக் கேள். இதுக்குள்ளை இருந்து ஒரு இலைகூட வெளியிலை போகக் கூடாது."

"ஏன், தங்கமோ?"

"தங்கமெண்டா இவ்வளவு பயப்பிடமாட்டாங்கள்."

சிரிக்கவும் விடவில்லை. நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். ஆகவே எனக்குத் தெரியும். ஆனால் மாதாவுக்குக் கொண்டுபோவது வெளியே கொண்டுபோவது ஆகும் என்று அன்று காலை என் புத்தியில் படவில்லை. அவர் இருந்திருந்தால் அரிவாளைப் பறித்திருப்பார். பிழை முழுவதும் என்னுடையது. பயிரை உழுவதென்றால் உழட்டும். எனக்குச் சொல்லாமலே சொல்லிவிட்டேன் என்று என் மனுசன் பொய்க் கையெழுத்து வைத்தவர் என ஒரு தாளில் எழுதி வைக்க நான் விடமாட்டேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இயந்திரம் வரும் நாளை எனக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். படலைப் பூட்டை உடைக்க வேண்டாம். நானே வந்து திறந்துவிடுகிறேன்.

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. ஏதும் மாற்ற வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறின்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்ற ஒன்றும் இல்லை, நான் சொன்னதும் உண்மை, அவர் எனக்குச் சொன்னார் என்பதும் உண்மை என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சூ. பேர்பெச்சுவா